நிற்கும் வளையத்தின் ஆட்டம்

திருகோணமலை நேயர்களுக்கு வணக்கம்.

கொட்பே மீன்பிடித் துறைமுகத்தில் பலநாள் கலம் ஒன்றின் இயந்திர அறைக்குள் இறங்கியவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். புரொப்பெலரைச் சுழற்றும் தண்டு கலத்தின் உடலைத் துளைத்து வெளியேறும் இடத்தில் நீர் சொட்டிக்கொண்டே இருக்கும். புதிதாக வேலைக்கு வந்த தம்பி, தண்டைச் சுற்றியுள்ள பாக்கிங் என்னும் அடைப்புக் கயிற்றை நெரிக்கும் கிளாண்ட் நட்டை இறுக்கிச் சொட்டை அடியோடு நிறுத்தப் பார்ப்பான். மூத்த மெக்கானிக் அதட்டுவார். சொட்டு நின்றால் பாக்கிங் கருகும், தண்டும் தேயும் என்பது அவருக்குத் தெரியும்.

கடல்நீருக்குப் பதிலாக நூறு பார் அமுக்கத்தில் இயற்கை வாயு இருந்தால்? தண்டு நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுச் சுழன்றால்? வளைகுடா நாட்டு எரிவாயு நிலையங்களில், வாயுவை அமுக்கி அனுப்பும் கொம்பிரசர்களோடு நெடுங்காலம் குடித்தனம் நடத்தியவன் நான். நம் கிண்ணியாவிலிருந்தும் மூதூரிலிருந்தும் அந்தப் பக்கம் வேலைக்குப் போகும் பிள்ளைகள் அங்கே முதலில் எதிர்கொள்ளும் புதிர்களில் ஒன்று, தண்டோரமாக வாயு கசிந்து வெளியேறாமல் தடுக்கும் 'ட்ரை காஸ் சீல்' என்னும் வாயுச் சீல்.

அதன் உள்ளே இரண்டு வளையங்கள் முகத்தோடு முகம் பார்த்து நிற்கின்றன. ஒன்று தண்டோடு சுழல்வது. டங்ஸ்டன் காபைட்டு அல்லது சிலிக்கன் காபைட்டால் ஆனது. மற்றது காபன் வளையம். அது சுழல்வதில்லை, பின்னாலுள்ள சிறு ஸ்பிரிங்குகள் அதை முன்னே தள்ளுகின்றன. சுழலும் முகத்தில் சில மைக்ரோமீற்றர் ஆழத்துக்குச் சுருள் வடிவத் தவாளிப்புகள் வெட்டப்பட்டிருக்கும். சுழற்சி தொடங்கியதும் வாயு அவற்றினூடே உள்நோக்கி இழுபட்டு, தவாளிப்பு முடிகிற இடத்தில் முட்டி அமுக்கம் கூடுகிறது. முகங்கள் விலகுகின்றன. விலகும் தூரம் மூன்று முதல் ஐந்து மைக்ரோமீற்றர்தான். ஒரு மில்லிமீற்றரை ஆயிரம் கூறிட்டு, மூன்று நான்கு கூறுகளை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த இடைவெளியில் வாயுவே மசகு.

வாயு மசகாகுமா என்று ஐயப்படுவோருக்குப் பழைய சான்று உண்டு. 1883இல் பீச்சம் டவர் என்ற ஆங்கிலப் பொறியியலாளர் புகையிரத அச்சுத் தாங்கியொன்றில் ஒரு துளையிட்டார். எண்ணெய் மேலே வந்ததால் அதை அடைத்தார். அடைப்பை எண்ணெயின் அமுக்கம் பிதுக்கித் தள்ளிவிட்டது. அதன் கணிதத்தை ஒஸ்போர்ன் ரெனோல்ட்ஸ் 1886இல் எழுதினார். 1897இல் அல்பர்ட் கிங்ஸ்பரி எண்ணெயை விட்டுவிட்டுக் காற்றின் மீதே ஒரு தண்டைச் சுழலவைத்துக் காட்டினார்.

இனித்தான் விடயமே இருக்கிறது. எந்தச் சுழலும் முகமும் தண்டுக்கு முற்றாகச் செங்குத்தாக அமைவதில்லை. இடைவெளியே நான்கு மைக்ரோமீற்றர் என்னும்போது, முகம் பத்து மைக்ரோமீற்றர் முன்பின் அசைகிறது என்று வையுங்கள். உரசாமல் இருக்கிறதென்றால் காரணம் ஒன்றுதான்: நிற்கும் வளையமும் கூடவே ஆடுகிறது. பத்தாயிரம் சுற்றில் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ 167 முறை அது போய்த் திரும்ப வேண்டும். வளையம் 20 சென்றிமீற்றர் விட்டமுடையதானால் விளிம்பின் வேகம் மணிக்கு 375 கிலோமீற்றரைத் தாண்டும். சுழற்சி வேகம் இருமடங்கானால், வளையத்தை இந்த ஆட்டத்துக்கு இழுக்கத் தேவையான விசை நான்கு மடங்கு. ஸ்பிரிங் மட்டும் இதற்குப் போதாது. இடைவெளி குறுகினால் அமுக்கத்தைக் கூட்டித் தள்ளுவதும், விரிந்தால் தளர்வதுமாக வாயுப் படலம்தான் அதை வழிநடத்துகிறது. இடைவெளி இருமடங்கானால் கசிவு எட்டு மடங்காகும் என்பதையும் சேர்த்து நினையுங்கள்.

ஆனால் இந்தப் படலத்துக்கு ஒரு குணக்கேடு உண்டு. சைக்கிள் பம்பின் வாயை விரலால் அரைகுறையாக மூடிக்கொண்டு மெல்ல அழுத்தினால் காற்று சீறி வெளியேறும், கைப்பிடி விட்ட இடத்தில் நிற்கும். சடாரென்று அழுத்தினால் காற்றுக்கு வெளியேற நேரம் இல்லை. கைப்பிடி துள்ளித் திரும்பும். சீலிலும் அதே கதை. மெதுவான அசைவில் படலம் அதிர்வைத் தணிக்கிறது. மீடிறன், அதாவது செக்கனுக்கு எத்தனை ஆட்டம் என்பது, ஏற ஏற, வெறும் ஸ்பிரிங் ஆகிவிடுகிறது. தணிப்பில்லாத ஸ்பிரிங்கின் மீது ஒரு வளையத்தை வைத்து விரைவாக ஆட்டினால், தன் இயல்பு மீடிறன் வந்ததும் அது கட்டுமீறும்.

அப்போது தணிப்பை எங்கிருந்து பெறுவது? காபன் வளையத்தின் முதுகில் உட்காரும் ஓ-ரிங்கிடமிருந்து. வரைபடம் பார்ப்பவர்கள் எல்லாரும் தவாளிப்பின் அழகையே பார்க்கிறார்கள். எனக்கு இந்த றப்பர் வளையத்தின் மீதுதான் கண். அது நெகிழ்ந்து அதிர்வை உறிஞ்சுகிறது. அதே ஓ-ரிங் இறுகிப் பிடித்தால் வளையத்தின் கால் கட்டப்பட்டுவிடும். உயர் அமுக்கத்தில் வாயுவைக் குடித்திருந்த றப்பர், அமுக்கத்தைத் திடீரென இறக்கினால் உள்ளே கொப்புளித்து வெடிப்பதும் உண்டு. அதனால்தான் உயர் அமுக்க இயந்திரங்களில் றப்பரைத் தவிர்த்து டெப்லோன் வகைச் சீல்களை இடுகிறார்கள்.

ஒருமுறை பழுதான சீலைப் பிரித்தபோது, காபன் முகத்தின் ஒரு பாதி கண்ணாடியாக மின்னியது, மறு பாதி மங்கலாகவே இருந்தது. வளையம் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடியே நின்றிருக்கிறது. ஓ-ரிங் நகரும் தடத்தில் பிசின்போன்ற படிவு. தவாளிப்பில் குறையே இல்லை!

அந்தப் படிவு எப்போது சேர்ந்தது? பெரும்பாலும் இயந்திரம் ஓய்ந்து கிடந்தபோது. கொம்பிரசர் ஓடினால் வடிகட்டிய தூய வாயுவைத் தன் அமுக்கத்தாலேயே சீலுக்கு அனுப்பும். நின்றால், உள்ளே அமுக்கம் இருக்க, அந்த ஓட்டம் மட்டும் நின்றுபோகிறது. அழுக்கும் ஈரமும் கலந்த வாயு முகங்களுக்கு வந்து சேர்கிறது. மிக மெதுவாகச் சுழற்றுவதும் தீங்கு, ஏனென்றால் முகங்களை விலக்க அந்த வேகம் போதாது. ஒருதிசைச் சீல் பின்னோக்கிச் சுழன்றால் தவாளிப்பு முகங்களைத் தூக்குவதில்லை.

வேலைக்குப் போகும் தம்பிமாருக்கு ஒரு சொல். பழுதுபார்த்த சீல் பெட்டியில் வரும்போது, பொருத்த முன் சுத்தமான கையுறையோடு காபன் வளையத்தைச் சமமாக அழுத்தி விடுங்கள். தடங்கலில்லாமல் முழுதாகத் திரும்பி வர வேண்டும். தயங்கினாலோ ஒரு பக்கம் பிந்தினாலோ, சான்றிதழில் என்ன எழுதியிருந்தாலும் பொருத்தாதீர்கள். மேற்பார்வையாளர் அவசரப்படுத்துவார்; படுத்தட்டும்.

நன்றி, வணக்கம்.