அந்தப் ‘பிறகு’ எந்த வகுப்பில் வரும்?

நடுவர் அய்யா அவர்களே, எதிரணித் தலைவர் தமிழய்யா அவர்களே, பள்ளி விட்டும் வீட்டுக்குப் போகாமல் முன்வரிசையில் இடம்பிடித்திருக்கும் என் பிள்ளைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

கணக்கு, அறிவியல் வகுப்பில் பிள்ளைக்கு முதலில் தர வேண்டியது பாடத்தை மனதில் பதிக்கும் பயிற்சியா, தானாக யோசித்துத் தீர்க்கும் பயிற்சியா என்பது தலைப்பு. நான் யோசிக்கிற கட்சி. கணக்கு டீச்சர்.

தமிழய்யா சற்றுமுன் கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலின் பலாப்பழப் பாட்டை ராகத்தோடு பாடினார். பழத்தை வெட்டாமலே சுளை எத்தனை என்று சொல்லலாம்: காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்ளை எண்ணு, ஆறால் பெருக்கு, ஐந்தால் வகு. "முன்னோர் மனப்பாடமாக வைத்திருந்ததால்தானே இது நமக்குக் கிடைத்தது?" என்று கேட்டார். கைதட்டல் வாங்கினார், நானும் தட்டினேன். ஒன்றே ஒன்று கேட்கிறேன் அய்யா. தடுக்கி விழுந்தால் பலாமரம் இருக்கிற இந்தப் பண்ருட்டியில் இருந்துகொண்டு, ஒரு பழத்தையாவது வெட்டி எண்ணிப் பார்த்தீர்களா?

நான் பார்த்தேன். போன சீசனில் ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு பழம் கொண்டு போனேன். இரண்டு குழுவாக முள்ளை எண்ணச் சொன்னேன். ஒரு குழு 65 என்றது, மறு குழு 71 என்றது. பழம் ஒன்றுதான்! "காம்பைச் சுற்றி என்றால் முதல் வரிசை மட்டுமா, அடுத்த வரிசையும் சேர்த்தா மிஸ்?" பாட்டை நூறு முறை ஒப்பித்தாலும் இந்தக் கேள்வி வந்திருக்காது. 65க்கு 78 சுளை வர வேண்டும். 71க்கு 85.2. அந்தப் புள்ளி இரண்டு சுளை யாருக்கு என்று ஒரு சண்டை. வெட்டினோம். 69 இருந்தது. "சூம்பிப்போனதை நீங்க எண்ணலை மிஸ்" என்றான் ஒருவன். சரி, எது சுளை, எது சுளையில்லை? அதை முதலில் முடிவு செய்ய வேண்டியிருந்தது. அப்போது வகுப்பில் வாயே திறக்காத ஒரு பெண் எழுந்து, "ஒரே ஒரு பழத்தை வெச்சுப் பாட்டு தப்புன்னு சொல்லிடலாமா மிஸ்?" என்றாள். நடுவர் அவர்களே, புள்ளியியல் பாடத்தை ஒரு மாதம் நடத்தினாலும் அந்தக் கேள்வியை என்னால் ஒரு பிள்ளையின் வாயில் வரவைக்க முடியாது.

65ஐ ஆறால் பெருக்க வாய்ப்பாடு வேண்டாமா என்று எதிரணி கேட்கும். வேண்டும். வாய்ப்பாட்டைத் தூக்கிப்போடு என்று நாங்கள் சொல்லவே இல்லை. ஆனால் "முதலில் எல்லாம் மனதில் ஏறட்டும், யோசிப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்கிறீர்களே, அந்தப் ‘பிறகு’ எந்த வகுப்பில் வரும்? ஆறாம் வகுப்பில் கேட்டால் அடிப்படை போதாது என்பீர்கள். பத்தாம் வகுப்பில் பொதுத்தேர்வு. பிளஸ் டூவில் மூச்சு விட நேரமில்லை, நீட் இருக்கிறது. இன்ஜினீயரிங் போனால் அரியர். கடைசி வருஷம் கேம்பஸ் இன்டர்வியூவுக்குக் கம்பெனிக்காரன் வந்து, "உனக்கு யோசிக்கத் தெரியுமா?" என்று ஆப்டிடியூட் டெஸ்ட் வைக்கும்போதுதான் அந்தப் ‘பிறகு’ வருகிறது!

மனப்பாடத்துக்குக் கணிதமேதை ராமானுஜனையும் சாட்சிக்கு இழுத்தார்கள். கும்பகோணத்தில் பள்ளிப் பையனாக இருந்தபோது கார் என்பவர் எழுதிய கணிதத் தொகுப்பு அவர் கைக்குக் கிடைத்தது உண்மை. அந்தப் புத்தகத்தில் முடிவுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன, நிரூபணம் பெரும்பாலும் இல்லை. ஒவ்வொன்றும் ஏன் சரி என்று அந்தப் பையன் தானே தேட வேண்டியிருந்தது. அவர் கையில் இருந்தது கெய்டு இல்லை அய்யா. விடை மட்டும் இருந்து வழி இல்லாத புத்தகம். நம் பிள்ளைக்கு நாம் வழியையும் எழுதிக் கொடுத்து, அதை அடிபிறழாமல் திரும்ப எழுதச் சொல்கிறோம்.

இப்போது என் குற்றத்தை நானே சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் ஜியோமெட்ரி எட்டு, கிராஃப் எட்டு, மொத்தம் 16 மார்க். 35ஐத் தொட முடியாத பிள்ளையைக் கரையேற்ற இந்த 16தான் எங்களுக்குத் தோணி. சாயங்கால வகுப்பில் அதையே போட்டுத் தேய்ப்போம், நானும் தேய்த்திருக்கிறேன். ஒருவன் சீரான வேகத்தில் ஓடும் பஸ்ஸுக்குத் தூரம், நேரம் வரைபடம் போட்டுக் காட்டினான். அளவுத்திட்டம், புள்ளி, கோடு எல்லாம் கச்சிதம், எட்டுக்கு எட்டு. சும்மா கேட்டேன்: "ஏண்டா, பஸ் டீக்கடையில பத்து நிமிஷம் நின்னா உன் கோடு எப்படிப் போகும்?" தலையைச் சொறிந்தான். "மிஸ், இந்த பஸ் டீக்கடையில நிக்காது மிஸ்." அவன் தினமும் டவுன் பஸ்ஸில் வருகிற பையன்.

இது நம்மூர் நோய் மட்டுமில்லை. 1983இல் அமெரிக்காவில் தேசிய அளவில் 13 வயதுப் பிள்ளைகளிடம் ஒரு கணக்கு கொடுத்தார்கள்: 1,128 படைவீரர்கள், ஒரு பஸ்ஸுக்கு 36 பேர், எத்தனை பஸ் வேண்டும்? பத்தில் ஏழு பேர் வகுத்தலைச் சரியாகப் போட்டார்கள். ஆனால் 29 சதவீதம் பேர் எழுதிய விடை, "31 பஸ், மீதி 12". மீதி 12 என்று ஒரு பஸ் எந்த டிப்போவில் நிற்கிறது? 32 என்று சொன்னவர்கள் 23 சதவீதம்தான். ஹங்கேரியில் பிறந்த ஜார்ஜ் போல்யா என்ற கணிதமேதை 1945லேயே நாலு படி சொல்லிவைத்தார்: கேள்வியைப் புரிந்துகொள், வழி தேடு, போடு, போட்டதைத் திரும்பிப் பார். நாம் மூன்றாவது படியில் மட்டும் பிள்ளையை நிற்க வைத்துவிட்டு, ஏன் மேலே ஏறவில்லை என்று கேட்கிறோம்.

அறிவியல் கூடத்துக் கதை இன்னும் அழகு. ஊசல் பரிசோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8க்குப் பக்கத்தில் வர வேண்டும், வராவிட்டால் ரெக்கார்ட் நோட்டு திரும்பி வரும். அதனால் பிள்ளைகள் 9.8ஐ முதலில் எழுதிவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி வந்து ரீடிங் தயார் செய்கிறார்கள். ஊசல் ஆடவே இல்லை, விடை மட்டும் ஆடாமல் நிற்கிறது!

நம் நிலவரமும் வெளியே தெரிந்ததுதான். 15 வயதுப் பிள்ளைகள் படித்ததைப் புதிய இடத்தில் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்கும் பீசா என்ற சர்வதேசத் தேர்வின் 2009 சுற்றுக்கு இந்தியாவிலிருந்து இமாச்சலமும் தமிழ்நாடும் போயின. பட்டியலின் கடைசி மூன்று இடங்களில் இரண்டு நம்முடையவை. 2012, 2015, 2018 சுற்றுகளுக்கு இந்தியா போகவே இல்லை. பரீட்சைக்குப் போகாத பிள்ளை ஃபெயிலாவதில்லை, பாருங்கள்.

எதிரணியின் பெரிய ஆயுதம் நேரம். "ஐம்பது பிள்ளை, நாற்பது நிமிஷம், யோசிக்க வைத்தால் போர்ஷனை யார் முடிப்பது?" நியாயமான கவலை, நானும் அதில் வேகிறவள்தான். ஆனால் மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து அளந்து பார்த்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர் காத்திருப்பது சராசரியாக ஒரு விநாடி. அதற்குள் விடை வராவிட்டால் அடுத்த பிள்ளை, அல்லது தானே சொல்லிவிடுவது. அதையே மூன்று விநாடி ஆக்கியபோது பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகள் பேசினார்கள். நாங்கள் கேட்பது முதலில் அந்தக் கூடுதல் இரண்டு விநாடி. எவ்வளவு நேரம் தெரியுமா?

...

இவ்வளவுதான். நான் பேச்சை நிறுத்தியதும் நடுவர் கை மணிக்குப் போய்விட்டது, பார்த்தீர்களா? மணிக்குப் பயந்துதான் நாங்களும் விடையைச் சொல்லிவிடுகிறோம்.

முடித்துவிட்டேன் அய்யா. தமிழய்யாவின் பாட்டு எனக்கும் பிடிக்கும். அதனால் மேடைக்கு வரும் வழியில் ஒரு பழம் வாங்கி வந்தேன், மேசைக்கு அடியில் இருக்கிறது. காம்பைச் சுற்றி எண்ணினேன், 80 முள். பாட்டின்படி 96 சுளை இருக்க வேண்டும். தீர்ப்புக்கு முன்னால் வெட்டி எண்ணலாமா, நம்பிவிட்டு வீட்டுக்குப் போகலாமா? கத்தியை நடுவர் அவர்களிடம் கொடுக்கிறேன். கொஞ்சம் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள் அய்யா, பால் ஒட்டும்.