சீட்டில் நான் எழுதி அடித்த சொல்

நேயர்களுக்கு வணக்கம். காட்டு ஈஸ்டினால் நொதித்து, ஓக் மரப்பீப்பாயில் மாதக்கணக்கிலோ ஆண்டுக்கணக்கிலோ கிடந்து முதிர்ந்த ஒரு பியரை எப்படிச் சுவைத்துப் பார்ப்பது என்பதைப் பற்றி இன்று பேசலாம் என்று வந்திருக்கிறேன். என் பேச்சு முழுவதும் இரண்டு மூன்று மிடறுகளுக்குள் அடங்கிவிடும் என்பதால், அருந்தும் வழக்கமில்லாதவர்கள் வானொலியை அணைத்துவிட வேண்டாம். மூக்கு எல்லோருக்கும் இருக்கிறது, இந்த விஷயத்தில் பாதிக்கு மேல் மூக்கின் வேலைதான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு, சுவை மதிப்பீட்டாளர்கள் சிலர் கூடியிருந்த ஒரு மேசையில், எல்லோரிலும் அனுபவம் குறைந்தவனாக நான் உட்கார்ந்திருந்தேன். எண் மட்டும் ஒட்டப்பட்ட கண்ணாடிக் கோப்பைகள் வரிசையாக வந்தன. ஒவ்வொன்றையும் முகர்ந்து, சுவைத்து, தோன்றியதை ஒரு சீட்டில் எழுதித் தர வேண்டும். ஐந்தாவது கோப்பையை மூக்கருகே கொண்டுபோனதும் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். நனைந்த வைக்கோல், குதிரை லாயம், காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்திரி மூன்றையும் ஒன்றாகக் கட்டி வைத்ததைப் போன்ற வாடை அது. ஒரு சொட்டுக்கூட நாக்கில் படாமலேயே, ‘நாற்றம், கெட்டுவிட்டது’ என்று கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்தேன். பக்கத்தில் இருந்த மூத்த அம்மையார் என் சீட்டைப் பார்த்தார். திருத்தவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. சுமார் அரைமணி நேரம் கழித்து, மற்றவர்கள் கலையத் தொடங்கியபோது, அந்தக் கோப்பையை என் பக்கம் நகர்த்தி, “இப்போது ஒருமுறை முகர்ந்து பாருங்கள்” என்றார்.

லாயம் இருந்தது, ஆனால் தூரத்தில் இருந்தது. அதற்கு முன்னால் அன்னாசிப்பழத்தை நறுக்கியதைப் போன்ற ஒரு வாசனையும், பழைய தோல்பையைத் திறக்கும்போது எழும் மணமும், மிக மெல்லிதாகக் கிராம்பும் வந்து நின்றன. வாயில் வைத்தபோது இன்னொரு வியப்பு: மூக்கு மிரட்டிய அளவுக்கு நாக்கில் ஒன்றுமே இல்லை. எலுமிச்சைத் தோலை நினைவூட்டும் ஒரு புளிப்பு, கொஞ்சம் துவர்ப்பு, பிறகு உலர்ந்து முடிகிற ஒரு நீண்ட முடிவு, அவ்வளவுதான். நான் சீட்டில் எழுதியதை அடித்தேன். அடித்த இடத்தில் என்ன எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

அரைமணி நேரத்தில் நடந்ததில் மாயம் எதுவும் இல்லை. மிகக் குளிர்ச்சியாக ஊற்றப்பட்ட பியர் மெல்ல வெதுவெதுப்பு ஏறி வேறு மணங்களை வெளியே விட்டது, முதலில் கிளம்பிய முரட்டு ஆவிகள் பறந்துபோயின, என் மூக்கும் பழகிக்கொண்டது. ஆகவே முதல் பாடத்தை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகும் ஒருமுறை சொல்வேன்: அவசரப்படக் கூடாது. இத்தகைய பியரைப் பத்து முதல் பதின்மூன்று டிகிரி செல்சியஸ் அளவில், வாய் குறுகி வயிறு அகன்ற கோப்பையில், பாதிக்கும் குறைவாக ஊற்றிக்கொள்வது நல்லது. பனிக்கட்டி போன்ற குளிர்ச்சியில் மணம் எல்லாம் உறங்கிவிட, புளிப்பு மட்டும் கத்தி போல நிற்கும்.

அந்த லாய மணத்துக்குக் காரணமான ஈஸ்டின் பெயர் பிரெட்டனோமைசிஸ். ‘பிரிட்டனின் பூஞ்சை’ என்று பொருள்படும் இப்பெயரை, 1904ஆம் ஆண்டில் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் பியர் வடிசாலையைச் சேர்ந்த கிளாசென் சூட்டினார். நெடுநாள் வைத்து முதிரவிட்ட ஆங்கிலேய பியர்களின் தனி மணம் இதனால்தான் வருகிறது என்று அவர் கண்டார். இதில் எனக்குப் பிடித்த வேடிக்கை ஒன்று உண்டு. அதே கார்ல்ஸ்பெர்க்கில்தான் 1883இல் எமில் கிறிஸ்டியன் ஹான்சென் ஒற்றை ஈஸ்டைத் தூய்மையாகப் பிரித்து வளர்க்கும் முறையை உருவாக்கி, மற்ற நுண்ணுயிர்களை எல்லாம் வடிசாலைகளிலிருந்து வெளியேற்ற வழி செய்திருந்தார். இருபத்தோரு ஆண்டுகளுக்குப் பிறகு, வெளியேற்றப்பட்டவற்றில் ஒன்றுக்கு அங்கேயே பெயர்சூட்டு விழா நடந்தது. இந்த ஈஸ்ட், தானியத்தின் உமியிலிருந்து வரும் சில அமிலங்களை மெதுவாக மாற்றி, எத்தில்ஃபீனால் போன்ற சேர்மங்களை உண்டாக்குகிறது. ஒரு லிட்டரில் ஒரு மில்லிகிராமுக்குக் குறைவாக இருந்தாலும் மூக்கு அதைக் கண்டுகொள்ளும்.

இங்கே என் பழைய குறை ஒன்றைச் சொல்ல அனுமதிக்க வேண்டும். நாற்றம் என்ற சொல் பழந்தமிழில் மணம் என்றே பொருள்பட்டது. மலருக்கும் நாற்றம் உண்டு. அதைக் கெட்ட வாடைக்கு மட்டும் ஒதுக்கிய பிறகு, நல்லதா கெட்டதா என்று தீர்ப்பு சொல்லாமல் ஒரு மணத்தைக் குறிப்பிட நம்மிடம் சொல் குறைந்துவிட்டது. நறுமணம், துர்நாற்றம் என்று தராசின் இரண்டு தட்டுகள் மட்டும் மிஞ்சின. இந்த பியர் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. ஆகவே முகரும்போது, பிடிக்கிறதா என்று கேட்காமல், எதைப் போல இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். ஈரத்தோல், வைக்கோல், புகை, மழை நனைத்த மரக்கட்டை, எதுவானாலும் சரி. பெயர் வைத்ததும் மூக்கு அஞ்சுவதை நிறுத்திவிடும். என் சீட்டில் அன்று எழுத வேண்டியிருந்ததும் இதுதான்.

நாக்குக்கு வருவோம். புளிப்பு ஒன்றல்ல, இரண்டு. லாக்டிக் அமிலத்தின் புளிப்பு தயிரைப் போல வட்டமாக, நாக்கின் நடுவில் வந்து உட்காரும். அசெட்டிக் அமிலத்தின் புளிப்போ தொண்டையையும் மூக்கையும் ஒருசேரச் சுடும், ஏனெனில் அது வினிகர். பீப்பாய்க்குள் காற்று மிகுதியாகப் புகுந்தால் இரண்டாவதன் கை ஓங்கிவிடும். ஒரு துளி இருந்தால் உயிர், மிஞ்சினால் அது பியராக இராது; அதை நல்லதென்று பாராட்டுகிறவர்களுடன் நான் உடன்படுவதில்லை.

விழுங்கிய பிறகு பத்து இருபது விநாடிகள் பேசாமல் இருங்கள். எலிக்கூண்டைப் போன்ற ஒரு சுவை அப்போதுதான், பின்வாயில், தாமதமாக எழும். பியரின் அமிலத்தன்மையில் அடங்கிக் கிடக்கும் ஒரு சேர்மம், உமிழ்நீரில் கலந்து அமிலம் தணிந்ததும்தான் ஆவியாகிறது. முகர்ந்து பார்த்து இதைக் கண்டுபிடிக்க இயலாது. இது குறைதான், ஆனால் புட்டியில் இன்னும் சில மாதங்கள் உறங்கினால் பெரும்பாலும் மறைந்துவிடும். அவசரப்படக் கூடாது என்று சொன்னேன் அல்லவா, இங்கும் அதேதான்.

கடிகாரம் முறைக்கிறது. பீப்பாயைப் பற்றியும் கலவையைப் பற்றியும் விரிவாகச் சொல்ல வைத்திருந்தேன். இரண்டு வாக்கியங்களில் முடிக்கிறேன். பிரஸ்ஸல்ஸைச் சுற்றியுள்ள பகுதியில், குளிர்ந்த மாதங்களில் கொதித்த தானிய ஊறலை அகன்ற திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவைத்து, காற்றிலிருந்தும் பீப்பாயிலிருந்தும் நுண்ணுயிர்கள் தாமாகவே குடியேற விட்டுச் செய்வது லாம்பிக். அதில் ஓராண்டு, ஈராண்டு, மூவாண்டுப் பீப்பாய்களைக் கலந்து புட்டியில் அடைத்தால் கூஸ், இளையது மிச்சமிருக்கும் சர்க்கரையால் நுரையையும் மூத்தது ஆழத்தையும் தரும். ஓக் மரத்தின் வனிலா மணத்தை நிரம்பிய கோப்பையில் தேடாதீர்கள். லாயமும் புளிப்பும் அதை மறைத்துவிடும். குடித்து முடித்த கோப்பையைக் கழுவாமல் வைத்து, மறுநாள் காலையில் முகர்ந்து பாருங்கள். மரம் அதில் இருக்கும். வணக்கம்.