நொஷ்தி: இரவுக்கும் எட்டுக்கும் உறவா?

அடுத்த கேள்வி. “பழைய திருச்சபை ஸ்லாவியத்துல இரவுக்கு ‘நொஷ்தி’ன்னு வருதே, அது எங்கிருந்து வந்தது, என்ன பால்? ‘ந’வோட எட்டைச் சேர்த்தா இரவுன்னு வாட்ஸ்அப்ல சுத்துதே, நிஜமா?”

பழைய திருச்சபை ஸ்லாவியம்ங்கிறது ஸ்லாவிய மொழிகள்ல முதல்ல எழுத்துக்கு வந்தது, பைபிள் மொழிபெயர்ப்புக்காக. வாட்ஸ்அப் சங்கதியை முதல்ல முடிச்சிடுவோம். அது தப்பு. ஆங்கிலத்துல நைட், எய்ட். ஜெர்மன்ல நாஹ்ட், ஆஹ்ட். ஒத்துப்போற மாதிரிதான் தெரியும். சமஸ்கிருதத்தைப் பாருங்க: இரவு நக்தம், நக்த விரதம்னு பஞ்சாங்கத்துல வரும், எட்டு அஷ்ட. ஒண்ணுல ‘க்’, இன்னொண்ணுல ‘ஷ்’. இந்த மொழிகளுக்கெல்லாம் பொதுவான மூதாதை மொழியான மூல இந்தோ-ஐரோப்பியத்துல ரெண்டும் வேற வேற ககரம். இரவுல உதடு குவிச்சுச் சொல்றது, எட்டுல நாக்கை முன்னண்ணத்துப் பக்கம் தள்ளிச் சொல்றது. லத்தீன், ஜெர்மன் பக்கம் ரெண்டும் கலந்துபோச்சு. ஸ்லாவியத்துல கலக்கலை, அங்க எட்டு ‘ஒஸ்மி’.

இப்போ நொஷ்தி. லிதுவேனியன்ல இன்னைக்கும் நக்திஸ்தான். ஸ்லாவியத்துல அந்த ‘அ’ ஒகரமாச்சு. ‘க்த்’துக்குப் பின்னால இகரம் வந்தா ரெண்டு மெய்யும் இளகி ஒரே ஒலியாகும். அந்த ஒலி பல்கேரியப் பக்கம் ‘ஷ்த்’, ரஷ்யன்ல ‘ச்’, போலிஷ்ல ‘ட்ஸ்’. அதான் நொஷ்தி, நோச், நொட்ஸ். ‘இயலும்’ங்கிற வினையும் இதே தடத்துலதான் போகுது: மொஷ்தி, மோச், முட்ஸ். ரஷ்யன்ல இரவு முழுக்க நடக்கிற வழிபாட்டை மட்டும் ‘வ்ஸெநோஷ்னயா’ம்பாங்க. அங்க ‘ச்’ வராததுக்குக் காரணம், அது திருச்சபை மொழியிலிருந்து வந்த சொல்.

இலக்கணத்துல இது இகர ஈற்றுப் பெண்பால். எழுவாய்ல கடைசி இகரம் நம்ம குற்றியலிகரம் மாதிரி அரைகுறையா ஒலிக்கும், அதுக்குத் தனி எழுத்தே உண்டு. நாலாம், ஆறாம், ஏழாம் வேற்றுமை ஒருமையில முழு இகரம். தமிழ்ல எழுதினா ரெண்டும் ஒண்ணுபோலத் தெரியும். தடுமாற்றம் இங்கதான் ஆரம்பிக்குது. எழுவாய்ப் பன்மையும் அதே முழு இகரம்தான், அதனால பக்கத்துல இருக்கிற வினையைப் பார்த்துத்தான் முடிவு பண்ணணும்.

அந்த மொழியில ‘பாதை’ங்கிற பொருள்ல வர்ற சொல்லும் இகர ஈறுதான், ஆனா ஆண்பால். ஈற்றை வச்சு பால் சொல்லாதீங்க, மூணாம் வேற்றுமையைப் பாருங்க. ஆண்பால்னா ‘-மி’ன்னு முடியும். நொஷ்தி ‘நொஷ்தியொன்’னு மூக்கொலியோட முடியும். ரஷ்யன்ல ‘இரவில்’னு சொல்ற ‘நோச்யு’ இந்த உருவத்தோட வாரிசு.

மத்தேயு 4:2-ல நாற்பது இரவுன்னு வர்ற இடத்துல ‘நொஷ்திய்’னு இருக்கும். நாற்பதுக்குப் பின்னால வர்ற பெயர் ஆறாம் வேற்றுமைப் பன்மையில நிக்கணும். அங்க எழுவாய்ப் பன்மையைப் போட்டா தப்பு.