குழாயில் பாதி யாருடையது?

வணக்கம். அமெரிக்காவின் நியூஜெர்சி மாநிலத்தில் நூவார்க் என்று ஒரு நகரம். அங்கே தெருக்குழாயிலிருந்து வீட்டுக்குள் தண்ணீர் கொண்டுவரும் சின்னக் குழாய் ஆயிரக்கணக்கான வீடுகளில் காரீயத்தில் செய்தது. நாணயத்தால் சுரண்டினால் வெள்ளியாய் மின்னும், காந்தம் ஒட்டாது. அதிலிருந்து காரீயம் கரையாமலிருக்கத் தண்ணீரில் ஒரு மருந்து கலப்பார்கள். அந்த மருந்து நூவார்க்கில் பலிக்காமல் போனது. குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும் காரீயத்தில் இவ்வளவு வரை பரவாயில்லை என்ற கணக்கே கிடையாது.

2018இல் ஊர் ஆசிரியர்கள், ஒரு சுற்றுச்சூழல் அமைப்போடு சேர்ந்து, நகராட்சி மீது வழக்குப் போட்டார்கள். 2019 ஆகஸ்டில், நகராட்சி கொடுத்த வடிகட்டிகளைச் சோதித்த மூன்று வீடுகளில் இரண்டில், வடிகட்டிய தண்ணீரிலும் காரீயம் கூடுதலாக இருந்தது தெரிந்தது. அப்புறம் பாட்டில் தண்ணீருக்கு வரிசை.

குழாயை மாற்றிவிட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சிக்கலே அங்கேதான். தெருப் பக்கத்துக் குழாய் நகராட்சியுடையது, வீட்டுப் பக்கத்தது வீட்டுக்காரருடையது என்பார்கள். தெருப் பக்கத்தை மட்டும் வெட்டி மாற்றினால், அந்த அதிர்வில் மிச்சமுள்ள பழைய குழாயிலிருந்து காரீயம் சில காலம் இன்னும் கூடுதலாகவே வரும். நூவார்க்கில் பெரும்பாலோர் வாடகைக்கு இருப்பவர்கள். தண்ணீர் குடிப்பது ஒருவர், செலவுக்குக் கையெழுத்துப் போட வேண்டியது வேறொருவர். அந்த உரிமையாளரைத் தேடிப் பிடிப்பதற்குள் குழந்தை வளர்ந்துவிடும்!

அந்த முடிச்சை அவிழ்த்தது 2019தான். நூவார்க் அடங்கிய மாவட்டமான எசெக்ஸ் கவுண்டி 12 கோடி டாலர் கடன் திரட்டித் தந்தது. வீட்டுக்காரர் ஒரு காசு தர வேண்டாம். உரிமையாளரின் ஒப்புதலுக்குக் காத்திருக்காமலே குழாயை மாற்றலாம் என்று நகரமன்றம் சட்டம் போட்டது. என் பார்வையில் பணத்தைவிட இந்தச் சட்டம்தான் பெரிது. ஊர்க்காரர்களுக்கே பயிற்சி கொடுத்து வேலைக்கும் சேர்த்தார்கள். வேலை சூடுபிடித்தபோது ஒரே நாளில் 120 வீடுகள் வரை முடிந்தன. எட்டு, பத்து ஆண்டு ஆகும் என்று போட்ட திட்டம்; மூன்று ஆண்டுக்குள் 23,000க்கும் மேற்பட்ட குழாய்கள் மாறிவிட்டன.

நகராட்சி தானாக முன்வந்து செய்தது என்று சொல்லிவிட வேண்டாம். வழக்குப் போட்டவர்களும் தெருவில் நின்று குரல் கொடுத்தவர்களும் இல்லையென்றால் இந்த வேகம் வந்திருக்காது. அதே சமயம், தெருத் தெருவாகத் தோண்ட ஆளும் இயந்திரமும் வரைபடமும் நகராட்சியிடம்தான் இருந்தன.

நாடு முழுக்க இப்படிச் சுமார் 90 லட்சம் குழாய்கள் இருப்பதாக அமெரிக்க அரசு மதிப்பிட்டது. பத்து ஆண்டில் மாற்ற வேண்டும் என்று 2024 அக்டோபரில் விதியும் வந்தது. ஆனால் வீட்டுப் பக்கச் செலவைக் குடிநீர் நிறுவனமே ஏற்க வேண்டும் என்று அந்த விதி கட்டாயப்படுத்தவில்லை. சரி, அதை யார் ஏற்பது? ஒவ்வொரு ஊரும் தன் மன்றத்தில் பேசித் தீர்க்க வேண்டியதாக அந்தக் கேள்வி இன்னும் நிற்கிறது.