குந்தித் தின்றவர் யார்?

நடுவர் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

பசிபிக் பெருங்கடலின் நடுவில் கிடக்கும் நவுரு என்ற சின்னஞ்சிறு நாட்டை வறுமையில் தள்ளியது அந்நாட்டு மக்களின் ஊதாரித்தனமா, அந்நியரின் சுரண்டலா என்பது இன்றைய தலைப்பு. சுரண்டலே என்று வாதாடும் அணியிலிருந்து பேச வந்திருக்கிறேன். சொல்வதற்கு ஏழெட்டுக் கருத்துகளைக் குறித்து எடுத்து வந்தேன். ஆனால் எனக்கு முன் பேசிய எதிரணி அண்ணன், "குந்தித் தின்றால் குன்றும் மாளும், நவுரு மக்கள் குந்தித் தின்றார்கள், குன்று மாண்டது, இதில் யாரைக் குறை சொல்வது?" என்று கேட்டு, அரங்கம் அதிரக் கைதட்டல் வாங்கிக்கொண்டு அமர்ந்தார். அந்தக் கைதட்டலைக் கேட்டு என் மனம் பதறிவிட்டது. எனவே குறித்து வந்த தாளை மடித்து வைத்துவிட்டு, அந்த ஒரு வரிக்கே பதில் சொல்லப் போகிறேன். குன்று மாண்டது உண்மை. குந்தியவர் யார், தின்றவர் யார் என்பதே வழக்கு.

அதற்கு முன் ஒரு கல்லின் கதையைச் சொல்ல வேண்டும்.

1899ஆம் ஆண்டு, சிட்னி நகரில் பசிபிக் தீவுகள் கம்பெனி என்ற வணிக நிறுவனத்தின் அலுவலகம். அங்கே ஓர் அறைக் கதவு காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, ஒரு கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார்கள். நம் வீடுகளில் தேய்ந்துபோன அம்மிக் குழவியைக் கதவோரம் வைப்பதில்லையா, அதைப் போல. கம்பெனியைச் சேர்ந்த ஒருவர் நவுருவுக்குப் போனபோது, விசித்திரமாக இருக்கிறதே என்று எடுத்து வந்த கல் அது. மரம் காலப்போக்கில் கல்லாக இறுகியதுதான் இது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அந்த அலுவலகத்துக்கு வேலைக்கு வந்த ஆல்பர்ட் எல்லிஸ் என்பவரின் கண்ணுக்கு மட்டும் அது மரமாகத் தெரியவில்லை. வேறு தீவுகளில் பறவை எச்சத்திலிருந்து உண்டான உரப் பாறையை வெட்டிப் பழகியவர் அவர். சில மாதங்கள் அந்தக் கல் அவர் மனத்தை அரித்துக்கொண்டே இருந்தது. ஒரு நாள் அதில் ஒரு துண்டை உடைத்துச் சோதித்தார். உயர்தரமான பாஸ்பேட்! ஆஸ்திரேலியாவின், நியூசிலாந்தின் சத்தில்லாத வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் பச்சையாக்கும் உரத்துக்கு மூலப்பொருள், அத்தனை காலமாகக் கதவுக்கு முட்டாகக் கிடந்திருக்கிறது.

நடுவர் அவர்களே, இந்தக் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் இந்த இடத்தில் எல்லிஸின் கூர்மையை வியந்துவிட்டு முடித்துக்கொள்வார்கள். நான் இதே கதையை இன்னொரு முறை, கல் கிடந்த இடத்திலிருந்து சொல்லிப் பார்க்கிறேன்.

அந்தக் கல் கிடந்த தீவின் மொத்தப் பரப்பு 21 சதுர கிலோமீட்டர். நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அறுபது கிலோமீட்டருக்கும் குறைவான தொலைவில் இருக்கிறது. அக்கம்பக்கத்து நிலம் எது என்று கேட்டால், கிழக்கே சுமார் 300 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் பனாபா என்ற இன்னொரு சிறு தீவைத்தான் காட்ட வேண்டும். ஆறு கிடையாது, மழை பெய்தால் தண்ணீர், பொய்த்தால் தவிப்பு. கரையைச் சுற்றிப் பவளப்பாறை, அதைத் தாண்டினால் கடல் செங்குத்தாக ஆழத்துக்கு இறங்கிவிடும். ஆகவே இயற்கைத் துறைமுகமும் கிடையாது. கரையோரமாக ஒரு குறுகிய பசுமை வளையம், அதில் தென்னையும் தாழையும் வீடுகளும். உள்ளே புவாடா என்ற ஒரு குளம். அதில் பால்மீன் வளர்த்தார்கள். நடுவில் ஒரு மேட்டு நிலம். அந்த மேட்டு நிலம் முழுவதும், சிட்னியில் கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்தார்களே, அந்தக் கல்.

கம்பெனி என்ன செய்தது? 1900ஆம் ஆண்டு பனாபாவுக்குப் போய், ஆண்டுக்கு 50 பிரிட்டிஷ் பவுண்டு கொடுப்பதாகச் சொல்லி, 999 ஆண்டுகளுக்குத் தோண்டும் உரிமையை எழுதி வாங்கிக்கொண்டது. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது ஆண்டுகள்! தாத்தாவும் பேரனும் கொள்ளுப்பேரனும் அவனுடைய பேரனும் வாழ்ந்து மறைந்தாலும் முடியாத குத்தகை. நவுரு அப்போது ஜெர்மனியின் பிடியில் இருந்ததால் ஜெர்மானியரோடு பேரம் பேசி, 1907இலிருந்து பாறையைக் கப்பலேற்றத் தொடங்கினார்கள். நிலத்துக்குச் சொந்தக்காரனான நவுருவாசிக்கு ஒரு டன்னுக்குக் கிடைத்தது அரைப் பென்னி, அதாவது ஒரு பவுண்டில் 480இல் ஒரு பங்கு. தாத்தன் நட்ட தென்னையை வெட்டி, தாழையை வெட்டி, மேல் மண்ணை வழித்து, அடியில் இருந்ததையும் அள்ளிக்கொண்டு போனதற்கு, டன்னுக்கு அரைப் பென்னி.

அண்ணன் சொன்ன பழமொழிக்கு இப்போது வருவோம். முதல் உலகப் போர் தொடங்கிய 1914ஆம் ஆண்டிலேயே ஆஸ்திரேலியப் படை தீவைக் கைப்பற்றியது. போர் முடிந்ததும் பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகிய மூன்று அரசுகளும் ஒன்றுகூடி, கம்பெனிக்கு 35 லட்சம் பவுண்டு கொடுத்து, நவுருவிலும் பனாபாவிலும் அதற்கிருந்த தோண்டும் உரிமையை வாங்கிக்கொண்டன. பாறையை 42 பங்கு, 42 பங்கு, 16 பங்கு என்று நூறாகக் கூறு போட்டுத் தங்களுக்குள் பிரித்துக்கொண்டன. அந்த நூறில் நவுருவுக்கு ஒரு பங்கும் இல்லை. அந்த மக்களின் நலனும் வளர்ச்சியும் நாகரிகத்தின் புனிதப் பொறுப்பு என்று உலக நாடுகள் சங்கத்தின் உடன்படிக்கையில் எழுதி வைத்துவிட்டுத்தான் இதைச் செய்தார்கள். அதன்பின் அரை நூற்றாண்டுக் காலம், உலகச் சந்தை விலைக்கு விற்காமல், அடக்க விலைக்கே தங்கள் நாட்டு உழவர்களுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். விலை குறைந்ததால் யாருக்கு லாபம்? ஆஸ்திரேலியப் பண்ணைக்காரருக்கு. விலை குறைந்ததால் யாருக்கு நட்டம்? பாறைக்குச் சொந்தக்காரருக்கு.

அண்ணன் அவர்களே, உங்கள் பழமொழியை நான் மறுக்கவில்லை. அதற்கு எழுவாயை மட்டும் சேர்க்கச் சொல்கிறேன். குந்தியிருந்தவர்கள் மெல்போர்னிலும் லண்டனிலும் வெல்லிங்டனிலும் இருந்தார்கள். தின்றவை அங்கிருந்த வயல்கள். மாண்டது மட்டும் நவுருவின் குன்று. தன் வீட்டுக் குன்றைத் தின்று தீர்த்தவனைக் கண்டிக்கத்தான் நம் முன்னோர் அந்தப் பழமொழியைச் சொல்லி வைத்தார்கள். அடுத்த வீட்டுக்காரன் வந்து தின்றுவிட்டுப் போன பிறகு, வீட்டுக்காரன் முகத்தில் எறிவதற்காக அல்ல.

விடுதலைக்குப் பிறகு வந்த பணத்தை என்ன செய்தார்கள் என்று அண்ணன் கேட்டார். இருபது கிலோமீட்டர் கூட நீளமில்லாத ஒற்றைச் சாலையில் ஓட்டுவதற்குச் சொகுசுக் கார் வாங்கினார்கள், ஆள் ஏறாத விமானங்களைப் பறக்கவிட்டார்கள், லண்டனில் இசை நாடகத்துக்குப் பணம் போட்டுத் தோற்றார்கள் என்று அடுக்கினார். விமான நிறுவனம் நட்டத்தில் ஓடியது உண்மை, நாடகம் தோற்றதும் உண்மை, நான் மறைக்கவில்லை. 1968இல் விடுதலை பெற்று, 1970இல் சுரங்கத்தைத் தம் கைக்குக் கொண்டுவர, தங்கள் மண்ணைத் தோண்டிய இயந்திரங்களுக்கே 2 கோடியே 10 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் விலை கொடுத்தவர்கள் அவர்கள். பாறை இன்னும் ஒரு தலைமுறைக்குத்தான் வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மண் போன தீவில் விவசாயம் செய்ய முடியாது, துறைமுகம் இல்லாத தீவில் தொழிற்சாலை வைக்க முடியாது. எனவே பணத்தை ஓர் அறக்கட்டளையில் சேர்த்து, வெளிநாட்டில் கட்டடங்களாக மாற்றினார்கள். மெல்போர்னில் 1977இல் 52 மாடிகளோடு எழுந்த நவுரு மாளிகை அப்படி வந்தது. தன் நிலத்தில் பயிர் விளையாதென்று தெரிந்த ஒருவன், பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக அயலூரில் வீடு வாங்கிப் போடுவதை ஊதாரித்தனம் என்று நம் ஊரில் யாராவது சொல்வோமா? ஆலோசகர் என்று வந்தவர்கள் ஏமாற்றினார்கள், கடன் ஏறியது, 2004இல் அந்த மாளிகையையும் விற்க வேண்டியதாயிற்று. அனுபவமில்லாதவர்கள் ஏமாந்தார்கள் என்று சொல்லுங்கள், ஏற்றுக்கொள்கிறேன். ஒரு சிறு பள்ளிக்கூடத்து அளவு மக்களை அறுபது ஆண்டு அடக்கி வைத்து, வரவு செலவுக் கணக்கைக் கண்ணில் காட்டாமலே வளர்த்துவிட்டு, திடீரென்று கோடிகளைக் கையில் கொடுத்தவர்களுக்கு அதில் பொறுப்பில்லை என்று சொல்லாதீர்கள்.

இது என் சொந்தத் தீர்ப்பு மட்டுமல்ல. தோண்டிப் பாழாக்கிய நிலத்தை யார் சீர்செய்ய வேண்டும் என்று ஆராய, இலங்கையைச் சேர்ந்த சட்ட அறிஞர் கிறிஸ்டோபர் வீரமந்திரியின் தலைமையில் நவுரு அரசு ஓர் ஆணையம் அமைத்தது. 1989இல் ஆஸ்திரேலியாவின் மீது பன்னாட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. இந்த வழக்கையே விசாரிக்கக் கூடாது என்று ஆஸ்திரேலியா எழுப்பிய முக்கியத் தடைகளை 1992இல் நீதிமன்றம் தள்ளிவிட்டது. அடுத்த ஆண்டே 10 கோடியே 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டு ஆஸ்திரேலியா சமரசத்துக்கு வந்தது. பிரிட்டனும் நியூசிலாந்தும் அதில் ஆளுக்கு 1 கோடியே 20 லட்சம் கொடுத்தன. தவறில்லாத ஒருவன் இவ்வளவு பெரிய தொகையைக் கொடுத்து வழக்கை முடிப்பானா?

கடலில் சூரை மீன் இருக்கிறதே, மீன்பிடி உரிமத்தில் பணம் வருகிறதே என்றும் ஒரு வாதம் வந்தது. வருகிறது, 1982இல் அண்டைத் தீவு நாடுகளோடு சேர்ந்து செய்துகொண்ட நவுரு உடன்படிக்கையால் வருகிறது, அதில் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் கடல் இன்று சோறு போடுவதால், நிலத்தைத் தின்றவரின் குற்றம் குறைந்துவிடாது. அந்த நிலத்தை ஒரு நிமிடம் மனக்கண்ணால் பாருங்கள். பாஸ்பேட் கிடந்தது பவளப்பாறைத் தூண்களுக்கு இடையிலான பள்ளங்களில். அதைச் சுரண்டி எடுத்தபின் தூண்கள் மட்டும் நிற்கின்றன. ஆளுயரத்துக்கும் மேலே, சில இடங்களில் தென்னை உயரத்துக்கு, சாம்பல் நிறத்தில், கூர்கூராக. கால் வைக்க இடமில்லை, வேர் பிடிக்க மண்ணில்லை. தீவின் ஐந்தில் நான்கு பங்கு இப்படிக் கிடக்கிறது. பாறை தீர்ந்த பிறகு, பிழைக்க வழியில்லாமல், ஆஸ்திரேலியா தன் கரையில் ஏற்க மறுத்த அகதிகளை அடைத்து வைக்கும் முகாமுக்கு இடம் கொடுத்து அந்த நாடு காசு பார்க்க வேண்டி வந்தது. 2007இல் அப்படிக் கொண்டுபோய் இறக்கப்பட்ட இலங்கையரில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். வீடிழந்த தமிழனை, மண்ணிழந்த தீவில் கொண்டுபோய் வைத்தார்கள். இதைச் சொல்லும்போது என் நா தழுதழுக்கிறது, மன்னிக்க வேண்டும்.

"அவ்வளவு கஷ்டமென்றால் வேறிடம் போக வேண்டியதுதானே" என்று அண்ணன் கடைசியாகக் கேட்டார். அவர்களையும் கேட்டார்கள், நடுவர் அவர்களே. 1960களில், உங்கள் தீவு இனி வாழத் தகாது, குவீன்ஸ்லாந்து கரையோரம் கர்ட்டிஸ் என்ற தீவு இருக்கிறது, எல்லோரும் அங்கே குடியேறுங்கள் என்று ஆஸ்திரேலியா அழைத்தது. நவுருவைப் போலப் பல மடங்கு பெரிய தீவு அது. ஆனால் அங்கே போனால் ஆஸ்திரேலியக் குடிகளாகக் கரைந்துபோக வேண்டும். நவுரு என்ற நாடு இருக்காது. பின்னாளில் நவுருவின் முதல் குடியரசுத் தலைவரான ஹாமர் டெரோபர்ட்டின் தலைமையில் அந்த மக்கள் மறுத்துவிட்டார்கள். மேட்டு நிலமெல்லாம் முள்ளாகிக்கொண்டிருந்த தங்கள் தீவே போதும் என்று இருந்துவிட்டார்கள். குந்தியிருந்தார்கள் என்று சொன்னீர்களே அண்ணா, ஆம், அந்த மண்ணைவிட்டு எழ மறுத்துக் குந்தியிருந்தார்கள்.

ஏன் மறுத்தார்கள் என்று புரிய வேண்டுமானால் ஒரு சொல்லைத் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் உலகப் போருக்குப் பின் வந்த விஷக் காய்ச்சல் தீவில் பலரை வாரிக்கொண்டு போனது. மிஞ்சியவர்கள் ஆயிரத்துச் சொச்சம். ஓர் இனம் அழியாமல் நிலைக்க வேண்டுமானால் குறைந்தது 1,500 பேராவது வேண்டும் என்று தீவை நிர்வகித்த அப்போதைய ஆஸ்திரேலிய அதிகாரி சொன்னார். அன்றிலிருந்து அந்த மக்கள் தலையெண்ணத் தொடங்கினார்கள். ஒவ்வொரு பிரசவத்துக்கும் ஊரே காத்திருந்தது. 1932 அக்டோபர் 26 அன்று ஒரு பெண் குழந்தை பிறந்தது. எண்ணிக்கை 1,500ஐத் தொட்டது. தீவே திருவிழாக் கொண்டாடியது. அந்த நாளுக்கு அவர்கள் மொழியில் பெயர் "அங்கம்". வீடு வந்து சேர்தல் என்று அதற்குப் பொருள்.

பத்தாண்டு முடிவதற்குள் ஜப்பானியர் வந்தார்கள். 1943இல் 1,200 பேரைக் கப்பலேற்றி, சுமார் 1,900 கிலோமீட்டருக்கு அப்பால், ஜப்பானியர் வசமிருந்த ட்ரூக் தீவுகளில் அடிமை வேலைக்குக் கொண்டுபோனார்கள். 1946 ஜனவரி 31 அன்று ஒரு கப்பல் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து இறக்கியது. இறங்கியவர்கள் 737 பேர். ஏறியவர்களில் ஐந்தில் இரண்டு பேர் திரும்பவில்லை.

மீண்டும் எண்ணினார்கள், அம்மா. மீண்டும் ஒவ்வொரு தொட்டிலாக எண்ணினார்கள். 1949இல் மறுபடி 1,500 ஆனது. 1968இல் விடுதலை நாளைத் தேர்ந்தெடுக்கச் சொன்னபோது, வேறெந்த நாளையும் கேட்காமல், பிழைத்தவர்கள் கரையேறிய அந்த ஜனவரி 31ஐயே கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

நடுவர் அவர்களே, 1,500 என்ற எண்ணுக்காக இரண்டு முறை தொட்டிலருகே காத்திருந்த இந்த மக்களின் பெயருக்கு முன்னால் ஊதாரி என்ற சொல்லை எழுதிவிடாதீர்கள் என்று இரு கரம் கூப்பிக் கேட்டுக்கொண்டு அமர்கிறேன். நன்றி, வணக்கம்.