உங்கள் விக்கிக்குத் தமிழில் உடுத்துங்கள்

விழாத் தலைவர் அவர்களே, அரங்கம் தந்து உதவிய கல்லூரி முதல்வர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நூலகர் அம்மா அவர்களே, மடிக்கணினியும் கையுமாகக் காத்திருக்கும் மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். பொன்னாடைக்குப் பதில் புத்தகம் தந்த அமைப்பாளர்களுக்குத் தனி நன்றி.

ஜெரமி ரஸ்டன் 2004-இல் வெளியிட்ட டிட்லிவிக்கி என்ற குறிப்பேட்டு மென்பொருள் ஒரே ஒரு எச்டிஎம்எல் கோப்பு, அதாவது உலாவியில் திறக்கும் ஒரு வலைப்பக்கம். நம் குறிப்புகளும் அவற்றின் தோற்றமும் அதற்குள்ளேயே இருக்கின்றன. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்றார்கள் பெரியவர்கள். அப்படிக் கட்டுவதற்கு மூன்று வழி சொல்ல வந்தேன்: தோற்ற விதிகளைப் பிரித்தல், அவற்றின் வரிசை, நிறங்களைச் சேர்த்து வைக்கும் நிறத்தட்டு.

எங்கள் ஊரில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் சொலவடைகளை விக்கியில் திரட்டுகிறார். ஒரு நாள், "தம்பி, தலைப்பைச் சிவப்பாக்கச் சொல்லி எழுதினேன், பச்சையாவே நிக்குது" என்றார். போய்ப் பார்த்தால், டிட்லர்கள், அதாவது விக்கியின் குறிப்புகள், 'இது தோற்ற விதி' என்று காட்டும் ஸ்டைல்ஷீட் குறிச்சொல் ஒட்டி வரிசையாக நிற்கின்றன: 'புதுசு', 'இன்னொரு புதுசு', 'கடைசி', 'கடைசிக்குப் பின்'. எல்லாவற்றிலும் தலைப்பு, எல்லாவற்றிலும் எழுத்துரு! "ஐயா, குறிச்சொல்லை ஒவ்வொன்றாக எடுங்கள். எழுதியது அழியாது, உறங்கும்" என்றேன். ஒன்றை எடுத்தார், எழுத்துரு மாறியது. அடுத்ததை எடுத்தார், ஓரப்பட்டை அகலமானது. 'கடைசிக்குப் பின்'னில் எடுத்தாரோ இல்லையோ, தலைப்பு சிவந்துவிட்டது! காபி கொண்டுவந்த அம்மா கைதட்டினார்கள்.

வலைப்பக்கத் தோற்றத்தை எழுதும் மொழியான சிஎஸ்எஸ் 1996-இல் பரிந்துரையாக வந்த நாள் முதல் இதுதான் விதி: ஒரே இடத்துக்கு இரண்டு விதி இருந்து வலு சமமானால் பின்னால் வருவதே செல்லும். ஆகவே ஒரு விதியை வற்புறுத்தும் 'இம்பார்ட்டன்ட்' என்ற சொல்லைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டாம். விதிகளை எழுத்து, தலைப்பு, ஓரப்பட்டை, அச்சு என்று நான்கு டிட்லர்களாகப் பிரித்தோம். வரிசையைக் குறிச்சொல்லின் பட்டியலில் இழுத்தே மாற்றினோம். கந்தையானாலும் கசக்கிக் கட்டு!

பெயர்களைக் கவனித்தீர்களா? அத்தனையும் தமிழ். இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் பேசுகிறேன். சில குறிப்புகளுக்கு மட்டும் விதி எழுத உதவும் 'கிளாஸ்' என்னும் சிஎஸ்எஸ் வகுப்புப் பெயரையும் தமிழில் வைக்கலாம், உலாவிகள் ஏற்கும். புள்ளி வைத்து 'சொலவடை' என்று விதி எழுதி, டிட்லரின் 'கிளாஸ்' புலத்திலும் அதையே எழுதினால், அந்தக் குறிப்பு மட்டும் கோலம் மாறும். 'எழுத்து' டிட்லரில் வரி உயரத்தை 1.7 ஆக்குங்கள், மேல்வரியின் கீழ்விலங்கும் அடுத்த வரியின் மேல்விலங்கும் முட்டிக்கொள்ளாது. நம் எழுத்துக்கு மூச்சுவிட இடம் வேண்டாமா?

நிறத்தட்டுக்கு நேரமில்லை, தலைவர் கடிகாரம் பார்க்கிறார். முதல்வர் அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: ஆய்வகத்தில் சிஎஸ்எஸ் சொல்லித்தரும் முதல் பயிற்சியிலேயே மாணவர்கள் தமிழ்ப் பெயர் வைக்க இடம் கொடுங்கள். நன்றி, வணக்கம்.