எவர்சில்வர் குண்டானும் காந்தத் துண்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

போன மாதம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு பாத்திரக் கடைக்குப் போயிருந்தேன். ஒரு அம்மா கைப்பையிலிருந்து சின்னக் காந்தத் துண்டை எடுத்து, ஒவ்வொரு குண்டானாக வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டினால் ஓரமாகத் தள்ளிவிடுவார். ஒட்டாததற்கு மட்டும் விலை கேட்பார். "ஏனுங்கம்மா, எல்லாமே எவர்சில்வர்தானுங்க" என்றார் கடைக்காரர். "அப்புறம் எதுக்குங்க இதை மட்டும் காந்தம் புடிக்குது?" என்று அந்த அம்மா திருப்பிக் கேட்டார். கடைக்காரரிடம் பதில் இல்லை. முப்பது வருடம் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்தவன், நானாவது வாயைத் திறந்திருக்கலாம். கடை வாசலில் நின்று சொல்லி முடிகிற பதிலாக அது தோன்றவில்லை. இன்று பத்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள், முயன்று பார்க்கிறேன்.

இரும்பைக் காந்தம் பிடிக்கும். நிக்கலையும் பிடிக்கும். ஆனால் இரும்போடு 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் சேர்த்து உருக்கினால் கிடைக்கிற எவர்சில்வரைப் பிடிக்காது. நிக்கல் உள்ளே போய் இரும்பு அணுக்களின் அடுக்கையே மாற்றிவிடுகிறது. இரும்பின் ஒவ்வொரு அணுவும் ஒரு குட்டிக் காந்தம். அந்தப் புது அடுக்கில் இந்த அணுக்காந்தங்கள் எல்லாம் ஒரே திசை பார்த்து நிற்க முடிவதில்லை. நிக்கல் சேர்க்காத ரகம் பழைய அடுக்கிலேயே இருக்கும், அதனால் ஒட்டும். அதுவும் எவர்சில்வர்தான், விலைதான் குறைவு. நிக்கலைக் குறைத்து மாங்கனீசைக் கூட்டிய ரகமும் சந்தையில் உண்டு. அதிலும் காந்தம் ஒட்டாது. ஆகவே அந்த அம்மாவின் சோதனை பாதி சரி. போதாக்குறைக்கு, நல்ல நிக்கல் ரகத்தையே அழுத்தி வளைத்துக் குண்டானாக்கும்போது வளைந்த இடத்தில் மட்டும் அடுக்கு கொஞ்சம் மாறி, விளிம்பில் லேசாக இழுக்கும்.

சேலத்துக்காரர்களுக்குக் காந்தம் புதிதில்லை. கஞ்சமலைப் பக்கம் வளர்ந்த பிள்ளைகள் உடைந்த ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றி நூலில் கட்டி ஓடை மணலில் இழுப்போம். கறுப்பு மணல் மீசை முளைத்தமாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அது மேக்னடைட், இரும்புத் தாது. அந்தத் தாதுவை நம்பித்தான் இந்த ஊர் இரும்பாலை கேட்டது. மலையடிவாரத்தில் கடைசியில் வந்தது எவர்சில்வர் தகடு உருட்டுகிற உருக்காலை. காந்தம் ஒட்டுகிற மலைக்குக் கீழே காந்தம் ஒட்டாத தகடு! இதை நான் வகுப்பில் சொல்லாத வருடம் இல்லை.

இதுவரை சொன்னது கோடிக்கணக்கான அணுக்கள் கூட்டமாகச் செய்கிற வேலை. நான் ஆராய்ச்சி செய்தது தனி ஆளை. ஒரே ஓர் உலோக அயனி, அதாவது மின்னூட்டம் பெற்ற உலோக அணு, அதைச் சுற்றி நாலைந்து மூலக்கூறுகள் பிடித்துக்கொண்டிருக்கும். அணைவுச் சேர்மம் என்போம். இவை காந்தம் பிடிக்கிற குண்டான்போலப் போய் ஒட்டாது. நல்ல வலுவான காந்தத்துக்கு நடுவில் தொங்கவிட்டால் மிக லேசாக உள்ளே இழுபடும், அல்லது மிக மிக லேசாக வெளியே தள்ளப்படும். ஒவ்வொரு எலக்ட்ரானும் ஒரு குட்டிக் காந்தம். ஜோடி சேர்ந்தால் ஒன்று மேலும் மற்றது கீழும் பார்த்து, ஒன்றையொன்று ரத்துசெய்துவிடும். இழுபட்டால் உள்ளே ஜோடி சேராத எலக்ட்ரான் இருக்கிறது என்று பொருள். தள்ளப்பட்டால் எல்லாம் ஜோடி சேர்ந்தாயிற்று.

வேதியியல் படித்த எல்லோரும் ஒருமுறையாவது செய்திருப்பீர்கள்: பச்சை நிற நிக்கல் கரைசலில் டைமெத்தில் கிளையாக்சைமும் அம்மோனியாவும் விட்டால், குங்குமத்தைக் கரைத்ததுபோலச் சிவப்பு வீழ்படிவு வரும். எஃகில் எவ்வளவு நிக்கல் என்று கணக்கிடப் பழைய முறை அதுதான். மதிப்பெண்ணுக்காக வடிகட்டி, உலர்த்தி, எடை போட்டுவிட்டுப் போய்விடுவோம். அந்தப் பச்சையில் நிக்கலுக்கு இரண்டு ஜோடியில்லா எலக்ட்ரான்கள். சிவப்பில் ஒன்றுகூட இல்லை. அதே நிக்கல்தான். இரண்டு எலக்ட்ரான்கள் எங்கே போயின?

ஏற்காடு பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். பயணிகள்தான் எலக்ட்ரான்கள், சீட்டுகள் அவை இருக்கும் இடங்கள். இருவர் உட்காரும் சீட்டு ஐந்து, ஏறியவர்கள் எட்டுப் பேர். மூன்று சீட்டு நிறைந்தபின் மிச்சம் இரண்டு பேர், இரண்டு சீட்டு. ஆளுக்கொன்றாகத்தான் உட்காருவார்கள். இது பச்சை நிக்கல், ஆறு தண்ணீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கமும் சமமாகச் சூழ்ந்தது. இப்போது மழை வந்து ஒரு சீட்டுக்கு மேலே மட்டும் ஒழுகுகிறது. வேறு வழியில்லாமல் இருவரும் ஒரே சீட்டில் நெருக்கிக்கொள்வார்கள். இது சிவப்பு நிக்கல். டைமெத்தில் கிளையாக்சைமின் நான்கு நைட்ரஜன்கள் ஒரே தளத்தில் சதுரமாகப் பிடித்ததும் ஓர் இடத்தின் ஆற்றல் மட்டும் மிக உயர்ந்துவிடுகிறது.

இதை அளக்க கூய் தராசு என்று ஒன்று உண்டு. பிரெஞ்சுக்காரரான கூய் 1889-இல் சொன்ன முறை. பொடியை நீளக் கண்ணாடிக் குழாயில் அடைத்து, அடிமுனை காந்தத்துக்கு நடுவில் இருக்கும்படி தராசில் தொங்கவிட வேண்டும். காந்தத்துக்கு மின்சாரம் கொடுக்காமல் ஓர் எடை, கொடுத்து ஓர் எடை. வித்தியாசம் சில மில்லிகிராம்தான். சித்திரை வெயிலில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, சட்டை நனைய உட்கார்ந்திருப்போம். காற்றடித்தால் குழாய் ஆடும், மின்னழுத்தம் இறங்கினால் கணக்கே போச்சு. எல்லாவற்றையும்விடத் தொல்லை, பொடியை அடைப்பது. படியில் அரிசி அளக்கும்போது தட்டினால் ஒரு அளவு, தட்டாவிட்டால் ஒரு அளவு வரும் அல்லவா? அதே கதைதான். என் மாணவர்களை நான் தேர்ந்தெடுத்தது மதிப்பெண் பார்த்தல்ல, குழாயை எத்தனை நிதானமாகத் தட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான்.

இந்தத் துறையில் நம் ஆள் ஒருவர் உண்டு. 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ராமனோடு ஒளிச்சிதறலில் வேலை செய்தவர் என்றுதான் பலருக்கும் தெரியும். பின்பு அவர் டாக்காவில், ஒற்றைப் படிகத்தை மெல்லிய குவார்ட்ஸ் இழையில் கட்டிக் காந்தப்புலத்தில் தொங்கவிட்டு, எந்தப் பக்கம் எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தார். பொடியில் தெரியாத திசை வேறுபாடு அதில் தெரிந்தது. எனக்கு அந்த இழை, ஒளிச்சிதறலைவிடப் பெரிய விஷயம்.

ரத்தத்தையும் சொல்லிவிடுகிறேன். அதன் காந்தத்தன்மையை 1936-இல் பாலிங், கோரியெல் என்ற இரு வேதியியலாளர்கள் அளந்தார்கள். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பது இரும்புள்ள ஹீமோகுளோபின். ஆக்சிஜன் ஏறிய ஹீமோகுளோபினில் ஜோடியில்லா எலக்ட்ரான் இல்லை. இறங்கியபின் ஒவ்வொரு இரும்புக்கும் நான்கு. காந்தக் காப்பு மாட்டினால் ரத்தத்திலுள்ள இரும்பை இழுத்து ஓட்டத்தைச் சீராக்கும் என்று விற்கிறார்களே, அந்த இரும்பு ஓடை மணல் இரும்பு அல்ல. காசை மிச்சப்படுத்துங்கள்.

கடைசியாக, என்னை மூன்று வாரம் தூங்கவிடாத ஒரு பொடி. ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் சுண்ணாம்போடு கலந்து தெளிக்கிற மயில்துத்தம் தெரியும். அதில் ஒவ்வொரு தாமிரத்துக்கும் ஒரு ஜோடியில்லா எலக்ட்ரான். காந்தத் திருப்புதிறன், அதாவது ஒவ்வொரு தாமிரமும் காட்டும் காந்த வலிமையின் அளவு, 1.73-க்குக் குறையாது. ஒரு மாணவி காப்பர் அசிடேட் என்ற இன்னொரு தாமிர உப்பை அளந்து 1.4 என்று கொண்டுவந்தாள். அடைத்தது சரியில்லை என்று திட்டினேன். மறுபடி அடைத்தாள், 1.4. நானே உட்கார்ந்து தட்டி அடைத்தேன். 1.4.

நூலகத்துக்குப் போனபின்தான் தெரிந்தது, 1951-லேயே குஹா என்பவர் இதைக் குளிர்வித்து அளந்து, காந்தத்தன்மை குறைவதைக் கண்டிருக்கிறார். மறு வருடம் பிளீனி, பவர்ஸ் என்ற இரு இயற்பியலாளர்கள் விளக்கம் சொன்னார்கள்: தாமிரங்கள் இரண்டிரண்டாக இருக்கின்றன. நான்கு அசிடேட் பாலங்கள் நடுவே, சுமார் 2.6 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் (ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது மில்லிமீட்டரில் கோடியில் ஒரு பங்கு) இரண்டும் எதிரெதிரே நின்று, ஒன்றின் எலக்ட்ரான் மேல் பார்த்தால் மற்றது கீழ் பார்க்கிறது. அறை வெப்பத்தில் சில ஜோடிகள் பிய்த்துக்கொள்வதால்தான் 1.4-ஆவது வருகிறது.

அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டேன். "அப்ப குளிர வெச்சுப் பார்க்கலாங்க சார்" என்றாள். கால்நடை மருந்தகங்களில் சினை ஊசிக்கு உறைவிந்து வைத்திருப்பார்களே, அதே திரவ நைட்ரஜன், மைனஸ் 196 டிகிரி. அரைக் கேன் வாங்கி வந்து குழாயைச் சுற்றி ஊற்றினோம். தராசு முள் அன்று கிட்டத்தட்ட அசையவே இல்லை. அவள் குழாயைக் கழற்றி, பொடி உள்ளே இருக்கிறதா என்று பார்த்தாள்.

வணக்கம்.